மூனு சுழி ‘ண’வும் வெள்ளிக்கிழமைச் சொல்வதெழுதுதலும்

மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு தோட்டப் பள்ளி. அங்கே 31 ஆண்டுகள், பெரும்பாலும் படிநிலை ஒன்றில், அதாவது ஆண்டு 1 முதல் 3 வரை, தமிழ்மொழி கற்றுக்கொடுத்தேன். ஓய்வு பெற்ற பிறகும் விட்ட பாடில்லை. பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) மீன் வாங்கிக்கொண்டிருந்தால்கூட “டீச்சர், பையனுக்கு ஒரே எழுத்துப்பிழை” என்று யாராவது வந்து நிற்கிறார்கள். சரி, ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து மொத்தமாகச் சொல்லிவிடலாம் என்று கேள்வி அனுப்பச் சொன்னேன். புலனம் (வாட்ஸ்அப்) நிரம்பிவிட்டது. வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

கேள்வி (ஆண்டு 2 பையனின் அம்மா): வாரம் பத்துச் சொல் கொடுக்கிறார்கள். வெள்ளிக்கிழமை சொல்வதெழுதுதலில் பத்துக்குப் பத்து வாங்குகிறான். அடுத்த வாரம் அதே சொல்லை வாக்கியத்தில் தப்பாக எழுதுகிறான். ஏன் டீச்சர்?

அந்தப் பத்துச் சொல்லையும் அவன் வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் வாடகைக்கு எடுத்திருக்கிறான், அதனால்தான். பட்டியலை எடுத்துப் பாருங்கள். விமானம், பூனை, நன்றி, கட்டில், வாழைப்பழம் என்று ஒன்றுக்கொன்று உறவே இல்லாமல் இருக்கும். அதில் மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு என்ன இருக்கிறது?

நானும் முதல் ஏழெட்டு ஆண்டு அப்படித்தான் கொடுத்தேன். பிறகு மாற்றிக்கொண்டேன். வாரத்துக்கு ஒரே ஒரு சங்கதி. ஒரு வாரம் முழுக்க ‘ற்ற’ என்றால் காற்று, நாற்று, வெற்றி, பெற்றோர், சேற்றில், கிணற்றில் என்று ஆறு சொல். இரண்டு சொல் போன வாரத்துப் பாக்கி. மீதி இரண்டு அந்தப் பிள்ளை தானே எழுதித் தப்புவிட்ட சொல், அது ஆளுக்கு ஆள் மாறும். திங்கட்கிழமை வாயால் மட்டும், கையில் பென்சில் கிடையாது. செவ்வாய்க்கிழமை அந்தச் சொற்களைப் பாடநூலில் தேடிக் கோடு போடுவார்கள். புதன், பார்த்துவிட்டு மூடி வைத்து எழுதி, திறந்து தானே திருத்த வேண்டும். வியாழன் வாக்கியம். வெள்ளிக்கிழமை சொல்வதெழுதுதல் வைக்கும்போது தனிச்சொல்லாகச் சொல்லமாட்டேன். சொல், அதை வைத்து ஒரு வாக்கியம், மறுபடி சொல். “பனி. கேமரன் மலையில் காலையில் பனி மூடியிருந்தது. பனி.” நாம் பேசுகிற பேச்சில் பனியும் பணியும் காதுக்கு ஏறக்குறைய ஒன்றுதான். எந்த எழுத்து என்பதை வாக்கியம்தான் பிள்ளைக்குக் காட்டிக்கொடுக்கும்.

கேள்வி (செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் அப்பா): தப்பான சொல்லைப் பத்துத் தடவை எழுதச் சொல்கிறேன். போதுமா, இருபது ஆக்கவா?

ஒரு தடவை போதும் தம்பி. ஆமாம், ஒன்று. பத்துத் தடவை எழுதும் பிள்ளையைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? மேலிருந்து கீழாக முதலில் பத்து ‘கா’, அப்புறம் பத்து ‘ற்’, அப்புறம் பத்து ‘று’. சொல்லை எங்கே எழுதுகிறது, தூண் அல்லவா கட்டுகிறது! பார்க்காமல் ஒரு தடவை எழுதட்டும். நாளைக்கு ஒரு தடவை, மூன்று நாள் கழித்து ஒரு தடவை. நடுவில் மறந்து, மறுபடி யோசித்து எடுக்கிற அந்தச் சிரமத்தில்தான் சொல் தங்கும்.

கேள்வி: எந்தப் பயிற்ச்சிப் புத்தகம் நல்லது?

முதலில் ‘பயிற்சி’ என்று எழுதுங்கள். ட், ற் இந்த இரண்டுக்கும் அடுத்து இன்னொரு புள்ளி எழுத்து வராது. காட்சி, கட்சி, வெட்கம், நுட்பம், கற்க, முயற்சி. எல்லாவற்றிலும் அந்த இடத்தில் ஒரே புள்ளி. வளர்ச்சி, வாழ்க்கை, வாய்ப்பு என்று வருகிறதே என்பீர்கள். ய், ர், ழ் மூன்றுக்கு மட்டும்தான் அந்தச் சலுகை, நன்னூலிலேயே இருக்கிற விதி. பேனர்களில் ‘முயற்ச்சி’யைப் பார்த்துப் பார்த்து எனக்குக் கண்வலி வந்துவிட்டது. புத்தகம் எதுவானாலும் சரி.

கேள்வி: 2021இல் யுபிஎஸ்ஆர் (ஆண்டு 6) தேர்வையே எடுத்துவிட்டார்கள். இன்னும் எதற்குச் சொல்வதெழுதுதல்?

தேர்வுதான் போனது, எழுத்து போகவில்லை. வகுப்பறை மதிப்பீட்டில் 1 முதல் 6 வரை அடைவுநிலை போடுகிறார்களே, அது பிள்ளை எழுதுவதைப் பார்த்துத்தானே போடுகிறார்கள்?

கேள்வி (ஆண்டு 1 மகளின் அம்மா): ந, ண, ன மூன்றையும் மாற்றி மாற்றி எழுதுகிறாள். காதில் வித்தியாசமே தெரியவில்லை என்கிறாள். எனக்கும் தெரியவில்லை டீச்சர்.

நல்ல கேள்வி அம்மா, உண்மையையும் ஒத்துக்கொண்டீர்கள். காது கைவிடும் இடத்தில் பக்கத்து வீட்டைப் பார்க்க வேண்டும். ட பக்கத்தில் நின்றால் ‘ண்’: வண்டி, நண்டு, உண்டு. ற பக்கத்தில் நின்றால் ‘ன்’: கன்று, தென்றல், ஒன்று. த பக்கத்தில் நின்றால் ‘ந்’: பந்து, சந்தை, வந்தான். இதனால்தான் ண-வுக்கு டண்ணகரம், ன-வுக்கு றன்னகரம், ந-வுக்குத் தந்நகரம் என்று பெயர். பெயருக்குள்ளேயே பக்கத்து வீட்டு முகவரி இருக்கிறது. தங்கத்தில் ங்-க, மஞ்சளில் ஞ்-ச, பாம்பில் ம்-ப. இந்த ஆறு சோடியையும் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

இன்னொன்று. சொல்லின் முதல் எழுத்து என்றால் யோசிக்கவே வேண்டாம், ‘ந’தான். நாய், நான், நிலா. ண, ன இரண்டும் தமிழில் சொல்லைத் தொடங்குவதில்லை. இவ்வளவிலேயே பாதிப் பிழை ஓடிவிடும். மிச்சப் பாதிக்கு விதி கிடையாது. நண்பனுக்கு ண், அன்புக்கு ன். மணம் வேறு, மனம் வேறு. அதெல்லாம் வாசித்து வாசித்துக் கண்ணில் பதிய வேண்டியவை.

‘மூனு சுழி ண, ரெண்டு சுழி ன’ என்று மட்டும் சொல்லிக்கொடுக்காதீர்கள். அது எழுத்தின் படம், பெயர் ஆகாது.

(இந்தக் கடைசி வரியைச் சொல்லியிருக்கக் கூடாது போலிருக்கிறது. அதன்பிறகு வந்ததைப் பாருங்கள்.)

கேள்வி (பேரனைப் பார்த்துக்கொள்ளும் தாத்தா): டீச்சரம்மா, நான் பால்மரம் (ரப்பர்) வெட்டினவன். தோட்டப் பள்ளியில் ஆறாவது வரைதான். மூனு சுழி, ரெண்டு சுழி என்றுதான் படித்தேன். இன்றைக்கும் பிழையில்லாமல் எழுதுகிறேன். டண்ணகரம், றன்னகரம் என்று சின்னப் பிள்ளையை மிரட்டுவானேன்?

ஐயா, நீங்கள் பிழையில்லாமல் எழுதுவது சுழியினால் வந்தது என்று நான் நம்பவில்லை. உங்கள் காலத்தில் லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) ஒரு பேப்பர் வந்தாலும் பத்துப் பேர் படித்தார்கள். என் அப்பா தமிழ் நேசன் தலைப்பில் விரலை வைத்துத்தான் எனக்கு எழுத்துக் காட்டினார். 1924இல் தொடங்கிய பேப்பர், 2019இல் நின்றுவிட்டது. உங்கள் பேரனுக்கு அந்த வாசிப்பு இல்லை. அதனால்தான் அவனுக்குப் பக்கத்து வீட்டு விதி வேண்டியிருக்கிறது.

கேள்வி (இன்னோர் அம்மா): தாத்தா சொல்வதுதான் சரி. ‘வண்டிக்கு எந்த ண?’ என்று மகள் கேட்டால், மூனு சுழி என்றதும் எழுதிவிடுகிறாள். டண்ணகரம் என்றால் முழிக்கிறாள்.

நீங்கள் பக்கத்தில் இருக்கும்வரை எழுதுவாள் அம்மா. வகுப்பில் யாரிடம் கேட்பாள்? சுழி சொல்வது விடையைச் சொல்வது. டண்ணகரம் சொல்வது விடை கண்டுபிடிக்கும் வழியைச் சொல்வது.

கேள்வி (இளம் ஆசிரியர்): டீச்சர், பின்தொடர், முன்தினம் இவற்றில் த-வுக்கு முன் ‘ன்’ வருகிறதே? உங்கள் விதி உடைகிறதா?

வாங்க தம்பி, உங்களைத்தான் எதிர்பார்த்தேன். பின் + தொடர், முன் + தினம். இரண்டு சொல் சேர்ந்தவை, நடுவில் ஒரு தையல் இருக்கிறது. விதி ஒரே சொல்லுக்குள்தான். ஆண்டு 1 பிள்ளை ‘முன்தினம்’ எழுதும் நாளில் எனக்குத் தகவல் சொல்லுங்கள், நேரில் வந்து விளக்குகிறேன்.

கேள்வி (மறுபடி தாத்தா): எழுதத் தெரியாத பிள்ளைக்கு முதலில் உருவம் தெரிய வேண்டாமா? அதற்குச் சுழிதானே உதவும்?

உதவும். இதை ஒத்துக்கொள்கிறேன் ஐயா. எழுத்தை வரையக் கற்கும்போது சுழியை எண்ணட்டும், தப்பில்லை. ஆண்டு 1இல் நானும் மணலில் சுழி போட வைத்தவள்தான். சொல் எழுதத் தொடங்கியதும் பெயரை மாற்றிவிட வேண்டும். ‘சின்ன ர, பெரிய ற’வும் இதே கதைதான். பெரிய ற என்று சொன்னதில் எங்கே பெரியதைப் போடுவது என்ற செய்தி இல்லை. வல்லின ற என்றால் அது இரட்டிக்கும் என்று தெரியும்: வெற்றி, பற்று. இடையின ர இரட்டிக்காது. சொல்லின் முதலில் ற வராது. ரொட்டி, ரம்புத்தான், ரப்பர் எல்லாமே ர. சொல் ‘ற்’ என்று முடியவும் முடியாது. ஊர், மோர், வேர்.

கேள்வி: எழுத்துப்பிழை போக எத்தனை தடவை எழுத வைக்க வேண்டும்?

மேலே பாருங்கள்.

கேள்வி (அப்பா): மகன் மலாய் நன்றாக வாசிக்கிறான், தமிழில் தடுமாறுகிறான். க-வை ஓரிடத்தில் ஒரு மாதிரியும் இன்னோரிடத்தில் வேறு மாதிரியும் ஏன் சொல்கிறோம் என்று கேட்கிறான்.

கெட்டிக்காரப் பையன். மலாயில் காலுக்கு kaki, பல்லுக்கு gigi; முதல் எழுத்து வேறு வேறு. ஒலி மாறினால் எழுத்தும் மாறும் என்று அங்கே பழகிவிட்டான். தமிழில் கல், தங்கம், நகம் மூன்றிலும் ஒரே க. முதலில் வந்தால் வலிக்கும், ங் பக்கத்தில் வந்தால் அதிரும், உயிருக்கு நடுவில் வந்தால் மெலியும். இங்கேயும் பக்கத்து வீடுதான். இதை விளக்காதீர்கள். மூன்று சொல்லையும் தொண்டையில் கை வைத்துச் சொல்லச் சொல்லுங்கள், அவனே கண்டுபிடிப்பான்.

கேள்வி: டியூசனுக்கு மாதம் எவ்வளவு வெள்ளி (ரிங்கிட்) கொடுக்கலாம்?

தெரியாது, நான் டியூசன் நடத்துவதில்லை.

கேள்வி (பாட்டி வீட்டில் வளரும் பிள்ளையின் அத்தை): பாட்டி ‘லை’ எழுத்துக்கு யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு கொம்பு போடுகிறார். பிள்ளையும் அப்படியே எழுதுகிறாள். பள்ளியில் சிவப்பு மை. யார் சரி?

இரண்டு பேரும். பாட்டி எழுதுவது பழைய எழுத்து. பெரியார் 1935இல் குடி அரசில் சீர்திருத்த எழுத்தைப் பயன்படுத்தத் தொடங்கினார். 1978இல் தமிழ்நாட்டு அரசு ணை, லை, ளை, னை, ணா, றா, னா என்று 13 எழுத்துகளை மாற்றி ஆணை போட்டது. அதற்கு முன் அச்சான புத்தகங்களில் பெரும்பாலும் தும்பிக்கைதான். பள்ளியில் புதியதை எழுதட்டும், பாட்டியின் எழுத்தை வாசிக்கத் தெரிந்துகொள்ளட்டும். பெட்டியில் பழைய கடிதம் ஏதாவது இருந்தால் பாட்டியோடு உட்கார்ந்து வாசிக்கச் சொல்லுங்கள். எந்தப் பயிற்சிப் புத்தகமும் அதற்கு ஈடாகாது. (ஒரே புள்ளி, கவனித்தீர்களா?)

கேள்வி: இடது கையால் எழுதுகிறான். மாற்றலாமா?

வேண்டாம். தாளைச் சற்றுச் சாய்த்து வைத்துக் கொடுங்கள்.

கேள்வி (ஆண்டு 3 மகனின் அம்மா): எழுத்துகள் தலைகீழாகத் தெரிகின்றன என்கிறான். ஒரு வரி படிக்க ஐந்து நிமிடம். அதட்டியும் பார்த்துவிட்டேன்.

அதட்டுவதை இன்றோடு நிறுத்துங்கள் அம்மா. இது என் துறைக்கு வெளியே. கண்ணைச் சோதியுங்கள், பள்ளியில் சிறப்புக் கல்வி ஆசிரியரிடம் பேசுங்கள், கிளினிக்கில் குழந்தை மருத்துவரைப் பாருங்கள். தள்ளிப்போட வேண்டாம்.

கேள்வி: மகள் வாக்கியம் எழுதினால் எல்லாம் ‘நான் கோயிலுக்குச் சென்றேன். மகிழ்ச்சியாக இருந்தது’தான். எப்படி எழுத வைப்பது?

முதலில் பேச வைக்க வேண்டும். காலையில் எழுந்ததிலிருந்து என்ன நடந்தது என்று வாயால் சொல்லட்டும். எங்கள் வகுப்பில் ஒரு பையன் “பசியாறும்போது பூனை என் இடியப்பத்தைத் தூக்கிக்கிட்டுப் போயிடுச்சு” என்றான். அதை அப்படியே எழுதச் சொன்னேன். ‘பசியாரும்போது’ என்று ர போட்டிருந்தான். திருத்தியது அதை மட்டும்தான், ஏனென்றால் அந்த வாரத்துச் சங்கதி ற. மற்ற பிழைகளுக்கு வேறு வாரம் இருக்கிறது. ஒரே தாளில் இருபது சிவப்பு வட்டம் போட்டால், அடுத்த முறை பிள்ளை பிழை வராத வாக்கியமாகப் பார்த்து எழுதும். அதுதான் உங்கள் மகளின் ‘மகிழ்ச்சியாக இருந்தது’.

கேள்வி: தப்பான சொல்லை எத்தனை தடவை…

ஒன்று. ஒன்று. ஒன்று.

கேள்வி (தாத்தா, மூன்றாம் முறை): பேரனிடம் நண்டு எழுதச் சொன்னேன். ‘நன்டு’ என்று எழுதினான். சுழியை எண்ணச் சொன்னேன். “எத்தனைச் சுழி போடணும்னு தெரிஞ்சாத்தானே தாத்தா எண்றதுக்கு” என்கிறான்.

உங்கள் பேரனை எனக்குப் பிடித்துவிட்டது ஐயா. முதல் ‘ந’ சரியாகப் போட்டிருக்கிறான், அதற்கு ஒரு சபாஷ் சொல்லுங்கள். நாளைக்குப் பந்து, வண்டி, கன்று மூன்றையும் கேட்டுப் பாருங்கள். பக்கத்து வீட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். சுழியை அவன் எண்ணிக்கொள்வான்.

மற்றவர்களுக்கு அடுத்த சனிக்கிழமை. மழை இருட்டிக்கொண்டு வருகிறது, கொடியில் துணி இருக்கிறது.