பாம்பன் பாலத்தில் புகை எந்தப் பக்கம் சாயும்?

அன்புள்ள ஐயா,

பாம்பன் ரயில் பாலத்தின் எட்டுக் கண்களை 1:87 அளவில் செய்து, 1963இல் தனுஷ்கோடிக்குப் போகும் போட் மெயில் ரயிலை அதன்மேல் ஓடவிட்டிருக்கிறேன். எண்ணெயைச் சூடாக்கிப் புகை விடும் சிறு கருவியை என்ஜினுக்குள் வைத்தேன். புகை வருகிறது, ஆனால் ஊதுபத்திப் புகைபோல நூலாக நேரே மேலே போகிறது. வெளிநாட்டுப் படங்களில் பார்க்கும் வெள்ளை வெளேரென்ற புகைமண்டலம் வரவில்லை. வீடு முழுக்க எண்ணெய் வாடை வேறு. பஞ்சை ஒட்டிவிடலாமா? தண்ணீரைப் பனிமூட்டமாக்கும் மீயொலிக் கருவியை வாங்கலாமா? வீடியோவும் எடுக்க ஆசை.

ஒரு வாசகர், மண்டபம்

அன்புள்ள நண்பருக்கு,

கருவியைப் பற்றிப் பிறகு பேசலாம். உங்கள் பாலத்தில் இப்போது என்ன மாதம்? 1963 என்று எழுதியிருக்கிறீர்கள், மாதத்தைச் சொல்லவில்லை. அது தெரியாமல் அந்தப் புகையைச் சரியாகச் செய்ய முடியாது.

மண்டபத்தில் குடியிருப்பவர் நீங்கள், காற்றை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. பாலம் ஏறக்குறைய மேற்கிலிருந்து கிழக்காகக் கிடக்கிறது. வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா, நடுவில் ஒதுங்குவதற்கு ஒரு மரம்கூடக் கிடையாது. காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலை நிறுத்திவைத்த பாலம் அது. அங்கே புகை நிமிர்ந்து நின்றிருக்கவே முடியாது. உங்கள் மாடலில் கண்ணை உறுத்துவது புகையின் அளவு அல்ல, அது நேராக நிற்பதுதான்.

டிசம்பர் என்றால் வாடைக்காற்று. வடகிழக்கிலிருந்து அடிக்கும் காற்று தனுஷ்கோடிக்குப் போகும் ரயிலுக்கு எதிர்க்காற்று. புகை பின்னால் படுத்து, வலப்பக்கம், அதாவது மன்னார் வளைகுடாப் பக்கம், சாயும். பார்ப்பவர் பாக் நீரிணைப் பக்கம் நின்றால் பெட்டிகள் தெளிவாகத் தெரியும். தெற்கே நின்றால் புகை பாதிப் பெட்டிகளை மறைத்துவிடும். ஜூலை என்றால் எல்லாமே தலைகீழ். தென்மேற்குக் காற்று பின்னாலிருந்து தள்ளும். பாலத்தில் ரயில் மெதுவாகத்தான் ஊர்ந்தது. காற்று அதைவிட வேகமானால் புகை என்ஜினை முந்திக்கொண்டு இடப்பக்கக் கடலின் மேல் போகும். என்ஜினுக்கு முன்னால் புகை ஓடும் மாடல் ஒன்றைப் பார்க்க எனக்கு நிரம்ப ஆசை. நான் இதுவரை பார்த்ததில்லை.

அடுத்து, வெள்ளைப் புகைமண்டலம். அது குளிர்நாட்டுச் சொத்து. நீராவி கண்ணுக்குத் தெரியாது. குளிர்ந்து நுண்துளிகளான பிறகுதான் வெண்மை வருகிறது. 5 டிகிரி குளிரில் ஒரு கன மீட்டர் காற்று 7 கிராமுக்கும் குறைவான நீராவியைத்தான் தாங்கும், ஆகவே துளிகள் கரைய இடமின்றி நெடுநேரம் மிதக்கும். 30 டிகிரியில் அதே காற்று 30 கிராம் வரை தாங்கும். நம் கடற்கரைக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைய உண்டு என்றாலும், இன்னும் சில கிராம் இழுத்துக்கொள்ளும். ஆகவே இங்கே வெண்மை சீக்கிரம் கரைந்துபோகும். நிலக்கரிப் புகையின் சாம்பல் நிறம்தான் மிஞ்சும். ஃபயர்மேன் கரி அள்ளிப் போட்டதும் சற்று நேரம் கருத்து, பிறகு வெளுக்கும். பெரிய வெள்ளை மூட்டத்துக்கு ஆசைப்படாதீர்கள். அது வந்தால் உங்கள் பாலம் இராமநாதபுரத்தை விட்டே போய்விடும்.

இனிக் கருவிகள். காட்சிக்கு வைக்கும் மாடலுக்கும் புகைப்படத்துக்கும் பஞ்சைத்தான் சொல்வேன். இலவம்பஞ்சு வேண்டாம், இழை குட்டையாக இருப்பதால் திரண்டு உருண்டையாகிவிடும். தலையணைக்குள் அடைக்கும் பாலியெஸ்டர் பஞ்சில் கட்டைவிரல் அளவு எடுத்து, இரண்டு கைகளாலும் மெல்ல இழுத்துக்கொண்டே போங்கள். பின்னால் பிடித்த செய்தித்தாளின் எழுத்து தெரியும் அளவுக்கு மெலிய வேண்டும். இரண்டு சிலிண்டர் என்ஜின் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் நான்கு முறை ஊதும். மெதுவாகப் போகும்போது அந்த நான்கும் தனித்தனிக் குமிழ்களாகத் தெரியும். அதனால் புகைபோக்கியின் வாயருகே சிறு சிறு கொத்துகளாக வைத்து, தள்ளிப் போகப் போகக் கலந்துவிடுங்கள். உள்ளே மெல்லிய செம்புக் கம்பி இருந்தால் சாய்வு நிற்கும். முடிக்கு அடிக்கும் ஸ்பிரேயைத் தூரத்திலிருந்து அடித்து, ஈரம் காய்வதற்குள் கரித்தூளைத் தூவுங்கள்: வாயருகே அடர்த்தியாக, நுனியில் கொஞ்சமும் இல்லாமல்.

மீயொலிக் கருவியைப் புகைபோக்கிக்கு வாங்காதீர்கள். நொடிக்கு லட்சக்கணக்கான அதிர்வுகளால் தண்ணீரைத் தூளாக்கும் அதன் வட்டு தருவது குளிர்ந்த மூட்டம். அது மேலே எழாது, வழிந்து கீழே இறங்கும். ஆனால் ரயில் கிளம்பும்போது சிலிண்டர் பக்கமிருந்து தண்டவாளத்தின் மேல் சீறும் ஆவிக்கு அதைவிட நல்ல கருவி இல்லை. நம் பக்கத்து உப்புநீரை மட்டும் ஊற்றிவிடாதீர்கள். வட்டின் நுண்துளைகள் அடைத்துக்கொள்ளும், மாடல் முழுக்க வெள்ளைத் தூள் படியும். பேட்டரிக்கு வாங்கும் காய்ச்சி வடித்த நீரே போதும். ஓட்டி முடித்ததும் தண்டவாளத்தைத் துடைத்துவிடுங்கள்.

வீடியோவுக்கு உங்களிடம் இருக்கும் எண்ணெய்க் கருவியே சரி. அதற்கென்று விற்கும் திரவத்தைத் தவிர வேறெதையும் ஊற்ற வேண்டாம், வறண்ட நிலையில் ஓட்டவும் வேண்டாம். என்ஜின் உடல் 3டி பிரிண்டரில் பி.எல்.ஏ. பிளாஸ்டிக்கில் செய்ததென்றால் 60 டிகிரி வாக்கிலேயே இளகிவிடும், அதைக் கவனியுங்கள். கணினிக்குள் இருக்கும் சிறு மின்விசிறி ஒன்றை, வாடைக்கோ தென்மேற்குக் காற்றுக்கோ உரிய திசையில், ஒரு மீட்டர் தள்ளி மெதுவாக ஓடவிடுங்கள். அதன் முன்னால் ஸ்ட்ராக்களைக் கட்டாகக் கட்டி வைத்தால் காற்று சுழலாமல் ஒரே சீராக வரும். படம் எடுக்கும்போது அறையை மூடினாலும், முடிந்ததும் ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள்.

பாலத்தைச் சுருக்கலாம், புவியீர்ப்பைச் சுருக்க முடியாது. அதனால்தான் சிறிய புகை பரபரவென்று ஓடிக் குட்டு உடைகிறது. நீளம் 87 மடங்கு சுருங்கினால், விழவும் எழவும் ஆகும் நேரம் 87இன் வர்க்கமூல மடங்கு, அதாவது ஏறக்குறைய 9.3 மடங்குதான் சுருங்கும். அத்தனை மடங்கு மெதுவாகக் காட்டினால் புகைக்கு எடை வந்துவிடும். கைப்பேசியில் நொடிக்கு 240 படச்சட்டங்கள் (ஃபிரேம்) எடுக்கும் வசதி இருந்தால் அதில் எடுத்து, நொடிக்கு 25 படச்சட்டங்களாக ஓடவிடுங்கள். ரயிலும் அதற்கேற்ப வேகமாக ஓட வேண்டும். அசல் ரயில் மணிக்கு 15 கிலோமீட்டரில் போனதாக வைத்துக்கொண்டால், சுமார் 1.1 மீட்டர் நீளமுள்ள உங்கள் எட்டுக் கண்களையும் என்ஜின் இரண்டரை வினாடியில் கடக்க வேண்டும். திரையில் அது 24 வினாடியாக விரியும். அந்த வேகத்தில் தடம் புரளாமல் ஓடுகிறதா என்று, பெட்டிகளைக் கழற்றிவிட்டு என்ஜினை மட்டும் முதலில் ஓட்டிப் பாருங்கள்.

அன்புடன்