சிறுவயதில் ஆடு மாடுகளோடு தினமும் என்னென்ன வேலை செய்தீர்கள்?

மாடு மேய்த்த கதையை எதிர்பார்த்துக் கேட்டிருப்பீர்கள். நாங்கள் மாடு மேய்த்ததே இல்லை. எங்கள் ஊர் காங்கேயம் பக்கம். அங்கே மேய்ச்சலுக்கென்றே விட்டிருக்கும் கொறங்காடு உண்டு. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம். காலையில் மாடுகளை உள்ளே ஓட்டிவிட்டுப் படலைச் சாத்தினால் சாயங்காலம் வரை யாரும் கூட நிற்க வேண்டியதில்லை.

அதற்காகச் சும்மா இருக்க விடுவார்களா? சாணி அள்ளிக் கட்டுத்தரையைக் கூட்டுவது அக்காவின் பங்கு. என் பங்கு கன்றுக்குட்டி பிடிப்பது. இதெல்லாம் ஒரு வேலையா என்று தோன்றும். நாட்டு மாடு, கன்று வாய் வைக்காமல் லேசில் பால் சுரக்காது. முதலில் கன்றை அவிழ்த்துவிட வேண்டும். அது முட்டி முட்டிக் குடிக்கும். பால் இறங்கியதும் எங்கள் அப்பாரு, அதாவது தாத்தா, "இழு கண்ணு" என்பார். வாயெல்லாம் நுரையோடு நிற்கும் கன்றை அந்த நேரத்தில் மடியிலிருந்து பிரித்துப் பாருங்கள், தெரியும். என்னைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போகும். எப்படியோ தாயின் முகத்துக்கு நேரே கொண்டுவந்து பிடித்துக்கொண்டால், மாடு கன்றை நக்கிக்கொண்டே கறக்க நிற்கும். என் கையையும் சேர்த்து நக்கும். உப்புத்தாள் மாதிரி நாக்கு அதற்கு.

கிடைப்பது என்னவோ நாளுக்கு இரண்டு மூன்று லிட்டர்தான். அதிலும் ஒரு காம்பைக் கன்றுக்கென்று அப்பாரு தொடமாட்டார். அப்போது காங்கேயம் மாட்டைப் பாலுக்காக யாரும் வைத்துக்கொண்டதில்லை. வண்டிக்கும் உழவுக்கும்தான். செம்பழுப்பாகப் பிறக்கும் கன்று ஆறு மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறிவிடும். லீவுக்கு வரும் சொந்தக்காரர்கள், "பழைய கன்றை வித்துட்டீங்களா?" என்று கேட்பார்கள்.

எனக்குப் பிடிக்காத வேலை தண்ணீர். மழை குறைந்த ஊர். கோடையில் ஒரு பெரிய மாடு நாளுக்கு நாற்பது ஐம்பது லிட்டர் குடிக்கும். கிணற்றில் இறைத்துத் தொட்டியை நிரப்புவதற்குள் தோள் கழன்றுவிடும். சாயங்காலம் குளுதாணியில் சேர்த்துவைத்த கழுநீரில் தவிடும், ஆட்டுக்கல்லில் ஆட்டிய பருத்திக்கொட்டையும் கலந்து காட்ட வேண்டும். பருத்திக்கொட்டை ஆட்டுவதும் எங்கள் தலையில்தான். ஆடுகள் பரவாயில்லை. வெள்வேலங்காய் உதிரும் காலத்தில் தானாகவே வயிறு நிறைந்து பட்டிக்கு வந்துவிடும்.

பிறகு வீட்டுக்கு ஜெர்ஸிக் கலப்பு மாடு வந்தது. அதற்குக் கன்று வேண்டியதில்லை, மடியைக் கழுவிவிட்டு உட்கார்ந்தால் கறந்துவிடலாம். கன்றுக்குத் தனியாக வாளியில் பால் ஊற்றினோம். அதனால் தம்பிக்குக் கன்று பிடிக்கிற பாடு இல்லை. ஆனால் பால் அதிகம் அல்லவா? விடிவதற்குள் கேனை சைக்கிளில் கட்டிக்கொண்டு பால் சொசைட்டிக்கு மிதிக்கிற வேலை அவனுக்கு வந்து சேர்ந்தது.