சி.ஆர்.பி. குறைவு, அப்புறம் ஏன் அட்மிஷன்?

கேள்வி: என் மாமனாருக்கு 67 வயது. துறைமுகத்தில் வலை பழுது பார்க்கிறார். போன மாதம் நிமோனியா என்று அட்மிட் செய்தார்கள். அதே வாரம் எதிர்வீட்டுப் பையனுக்கும் நிமோனியா. 26 வயது, சி.ஆர்.பி. 188. மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மாமனாருக்கு 96தான், வெள்ளை அணுக்களும் 3,600தான். பிறகு ஏன் அவரை மட்டும் சேர்த்தார்கள்? இப்போது வீட்டில் இருக்கிறார். சி.ஆர்.பி. 11 ஆகிவிட்டது, ஆனால் இ.எஸ்.ஆர். இன்னும் 70. சளி உள்ளேயே தங்கிவிட்டதா? ரிப்போர்ட்டுகளை இணைத்திருக்கிறேன்.
- வாசகி, காசிமேடு

பதில்: வண்ணாரப்பேட்டையில் என்னிடம் ரிப்போர்ட்டோடு வருகிறவர்கள் முதலில் விரல் வைப்பது சி.ஆர்.பி. வரியில்தான். நீங்கள் அனுப்பிய தாளில் என் கண் போனது நாலு வரி கீழே, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான யூரியாவுக்கு. 58 என்று இருக்கிறது. அதைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை.

சி.ஆர்.பி. என்பது கிருமி தாக்கும்போது கல்லீரல் சுரக்கும் ஒரு புரதம். 1930-ல் நியூயார்க்கில் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில்தான் இதை முதன்முதலில் கண்டுபிடித்தார்கள். 100-ஐத் தாண்டினால் பாக்டீரியாவாக இருக்கலாம் என்று சந்தேகப்படுவோம். ஆனால் உடம்பு எவ்வளவு மும்முரமாகச் சண்டை போடுகிறது என்றுதான் அது சொல்லும். ஆள் அதைத் தாங்குவாரா என்று சொல்லாது. எதிர்வீட்டுப் பையனின் 188 அப்படிப்பட்டது.

தாங்குவாரா என்று பார்க்க நாங்கள் ஐந்து விஷயங்களுக்கு மதிப்பெண் போடுவோம்: பேச்சில் குழப்பம், யூரியா ஏறக்குறைய 42-க்கு மேல், மூச்சு நிமிடத்துக்கு 30 அல்லது அதற்கு மேல், ரத்த அழுத்தம் மிகவும் இறங்கியிருப்பது, வயது 65 அல்லது அதற்கு மேல். ஒவ்வொன்றுக்கும் ஒன்று. மாமனாருக்கு வயதுக்கு ஒன்று, யூரியாவுக்கு ஒன்று. டிஸ்சார்ஜ் சம்மரியில் மூச்சு 32 என்று எழுதியிருக்கிறார்கள், அதற்கும் ஒன்று. மூன்று வந்தாலே கடுமையான நிமோனியா. சேர்த்தது மிகச் சரி. காய்ச்சலில் தண்ணீர் வற்றி, சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் குறையும்போதுதான் யூரியா ஏறுகிறது. நோய் நுரையீரலோடு நிற்கவில்லை என்பதற்கு அது அடையாளம்.

வெள்ளை அணுக்கள் கூடாததை நல்ல செய்தி என்று நினைத்திருக்கிறீர்கள். கிருமி உள்ளே இருக்கும்போது 4,000-க்குக் கீழே போனால் எங்களுக்குக் கவலை கூடும், பெரியவர்களுக்கு இன்னும் அதிகமாக.

இன்னொன்று. சில லேப்களில் சி.ஆர்.பி.யை லிட்டருக்கு மில்லிகிராம் என்று தருவார்கள், சிலவற்றில் டெசிலிட்டருக்கு. லிட்டர் கணக்கில் 96 என்பது டெசிலிட்டர் கணக்கில் 9.6. இரண்டு லேப் தாள்களை ஒப்பிடுகிறவர்கள் அலகைப் பார்க்காமல் பயப்படவும் வேண்டாம், நிம்மதியடையவும் வேண்டாம்.

இப்போதைய நிலைக்கு வருவோம். மருந்து பிடித்தால் மூன்று, நான்கு நாளில் சி.ஆர்.பி. பாதியாவது இறங்க வேண்டும். உங்கள் மாமனாருக்கு 11-க்கே வந்துவிட்டது, நல்லது. இ.எஸ்.ஆர். என்பது ரத்தச் சிவப்பணுக்கள் குழாயின் அடியில் படியும் வேகம். அது மெதுவாகத்தான் இறங்கும், வாரக்கணக்கில் ஆகும். வயதாலும் ரத்தசோகையாலும்கூட அது ஏறி நிற்கும். அவருக்கு ஹீமோகுளோபின் 9.8. இந்த 70-ஐ மட்டும் வைத்துச் சளி தங்கியிருக்கிறது என்று சொல்ல முடியாது. அதற்காக இன்னொரு சுற்று ஆன்டிபயாடிக் வாங்கிப் போடாதீர்கள்.

வீட்டில் நீங்கள் எண்ண வேண்டியது மூச்சை. அவர் வலையைக் கையில் வைத்து உட்கார்ந்திருக்கும்போது, சொல்லாமல், செல்போனில் நேரம் பார்த்து, வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். எண்ணுகிறோம் என்று தெரிந்தால் மூச்சு மாறிவிடும். 30-ஐத் தொட்டாலோ, பேச்சு குழறினாலோ, விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் 94-க்குக் கீழே போனாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ரத்தப் பரிசோதனைக்குக் காத்திருக்காதீர்கள்.

அவர் பீடி பிடிப்பவர் என்று சம்மரியில் இருக்கிறது. அதனால் நோய் வந்து ஆறு வாரம் ஆனதும் மார்பு எக்ஸ்ரே ஒன்று எடுத்துவிடுங்கள். நிழல் மறையாமல் இருந்தால் அதற்குக் கீழே வேறு ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் இழுத்தால் காசநோய்க்கான சளிப் பரிசோதனையும் அவசியம். அரசு மருத்துவமனையில் இலவசமாகவே செய்கிறார்கள்.