உலோகவியல் படித்தவனுக்கு அணு ஆயுதத் தடுப்பில் என்ன வேலை?

கேள்வி: “உலோகவியல் படிக்கிறேன். அணு ஆயுதப் பரவல் தடுப்பு, பன்னாட்டுப் பாதுகாப்பு ஆகியவற்றில் ஆர்வம் உண்டு. அதெல்லாம் அரசியல் படித்தவர்களின் வேலை என்கிறார்கள். உண்மையா?”

அப்படிச் சொன்னவர்களிடம் சிக்ஃபிரீட் ஹெக்கர் என்ற அமெரிக்க உலோகவியலாளரின் பெயரைச் சொல்லிப் பாருங்கள். நானும் உலோகவியல் படித்தவன்தான். வார்ப்பாலையில் இருபது ஆண்டுகளாக இரும்பைக் காய்ச்சி ஊற்றிக்கொண்டிருக்கிறேன். அணுவுக்கும் எனக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஆனால் இந்த மனிதர் 2004-இல் அமெரிக்க செனட் குழுவின் முன் அளித்த சாட்சியத்தை வாசித்தபோது, ‘அட, இவர் நம் தொழில்காரர்!’ என்றுதான் முதலில் தோன்றியது.

கதை இதுதான். 2002 இறுதியில் வட கொரியா பன்னாட்டு ஆய்வாளர்களை நாட்டை விட்டு அனுப்பியது. அடுத்த மாதமே அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்திலிருந்து விலகுவதாக அறிவித்தது. தன் யோங்பியோன் அணு மையத்தின் உலையில் பயன்படுத்திய சுமார் 8,000 எரிபொருள் கம்பிகளைக் கரைத்து, குண்டு செய்ய உதவும் புளூட்டோனியத்தைப் பிரித்துவிட்டோம் என்றும் சொன்னது. உண்மையா, வெறும் மிரட்டலா? வெளியிலிருந்து யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை. 2004 ஜனவரியில் ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஜான் லூயிஸுடன் ஒரு சிறு குழு அங்கே போனது. அதில் ஹெக்கரும் இருந்தார்.

முதலில், பயன்படுத்திய எரிபொருளைப் போட்டு வைக்கும் தண்ணீர்த் தொட்டியைக் காட்டினார்கள். காலி என்றார்கள். சில கலன்களுக்கு மூடி இல்லை. ஆகவே அவை காலியென்று பார்த்தவுடன் தெரிந்தது. மூடியிருந்தவற்றில் கம்பிகள் இருந்தால்? நான் சுட்டும் ஒன்றைத் திறந்து காட்டுங்கள் என்று ஹெக்கர் கேட்டார். திறந்தார்கள். அதுவும் காலி.

பிறகு கூட்ட அறை. ஓர் உலோகப் பெட்டி, அதற்குள் மரப்பெட்டி, அதற்குள் இரண்டு கண்ணாடிச் சாடிகள். ஒன்றில் புளூட்டோனியச் சேர்மத்தின் தூள். மற்றொன்றில் சுமார் 200 கிராம் எடையில், மெல்லிய சுவர் கொண்ட புனல் வடிவத் துண்டு. எங்கள் விளைபொருள் இது என்றார்கள். தூரத்தில் நின்று பார்த்துவிட்டுக் குறிப்பெழுதிக்கொண்டு திரும்பியிருக்கலாம். இவர் சாடியைக் கையில் வாங்கிப் பார்க்க வேண்டும் என்றார். கையுறை கொடுத்தார்கள்.

சாடி நன்றாகக் கனத்தது. லேசான வெதுவெதுப்பு. அந்தக் கட்டடத்தில் சூடேற்றும் வசதி இல்லை. ஜனவரி மாதக் கொரியக் குளிர். அந்த அறையில் மற்ற எந்த உலோகத்தைத் தொட்டாலும் சில்லென்றிருக்கும். இது மட்டும் அப்படி இல்லை. புளூட்டோனியம் கதிரியக்கத்தால் தானே சூடு விடும்.

அடுத்து அடர்த்தியைக் கேட்டார். கன சென்டிமீட்டருக்கு 15-க்கும் 16 கிராமுக்கும் இடையில், கலப்பு உலோகம் என்று பதில் வந்தது. இந்த இடத்தில் நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். கலப்பில்லாத புளூட்டோனியம் அறை வெப்பநிலையில் 20-ஐத் தொடும் அடர்த்தி கொண்டது. கண்ணாடி போல நொறுங்கும். சூடேற ஏற ஆறு படிக வடிவங்கள் மாறும். என் இரும்பு இதன் முன்னால் பசு! சிறிதளவு கேலியம் என்ற உலோகத்தைச் சேர்த்தால் அது வளைந்து கொடுக்கும் வடிவத்தில் நிலைத்து, அடர்த்தியும் 16-க்குக் கீழே இறங்கும். அந்த ஒற்றை எண், அவர்கள் வார்ப்பு வேலை வரை வந்துவிட்டார்கள் என்பதைக் காட்டிக்கொடுத்தது. பேராசிரியரும் முன்னாள் தூதரும் இருந்த அறையில் இதைக் கேட்கத் தோன்றியவர் உலோகவியலாளர்தான்.

ஊர் திரும்பியதும் செனட் குழுவிடம், இவர்களால் புளூட்டோனிய உலோகம் செய்ய முடியும் என்றே தெரிகிறது என்றார். குண்டு இருக்கிறதா என்று கேட்டபோது, அதற்கான எதையும் நான் பார்க்கவில்லை என்றார். பார்த்ததற்கு மேல் ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை. எங்கள் ஆலையின் தர ஆய்வு அறிக்கைகளிலேயே இந்த நாணயம் அபூர்வம்.

ஆளின் பின்புலத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1943-இல் போலந்தில் பிறந்து ஆஸ்திரியாவில் வளர்ந்து, சிறுவனாக அமெரிக்கா போனவர். கிளீவ்லாந்தில் உலோகவியலில் முனைவர் பட்டம், கார் நிறுவன ஆய்வுக்கூடத்தில் சில ஆண்டுகள், பிறகு லாஸ் அலமோஸ் அணு ஆயுத ஆய்வுக்கூடம். 1986 முதல் 1997 வரை அதன் இயக்குநர். ஆம், குண்டு வடிவமைக்கும் இடத்தின் தலைவர்தான் பிற்பாடு தடுப்பு வேலைக்கு வந்தார். சிலருக்கு இது உறுத்தும். எனக்கு உறுத்தவில்லை, திருடன் புகும் வழி பூட்டுக்காரனுக்குத்தானே தெரியும்?

சோவியத் ஒன்றியம் உடைந்த கையோடு, 1992 பிப்ரவரியில் ரஷ்யாவின் ரகசிய அணு நகரங்களுக்குள் போனார். 1998-இல் கஜகஸ்தான். சோவியத் அணுகுண்டுகளைச் சோதித்த செமிபலாட்டின்ஸ்க் திடலில் பழைய உலோகம் பொறுக்குகிறவர்கள் செம்புக் கம்பி எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஒட்டகத்தில் வந்து இழுத்துப் போவார்கள் போலும் என்று நினைத்தாராம். நேரில் பார்த்தால் இயந்திரம் வைத்துத் தோண்டிய, மைல் கணக்கில் நீளும் பள்ளங்கள்! பக்கத்து டெகெலென் மலைச் சுரங்கங்களில் சோதனைகளின் மிச்சமாகப் புளூட்டோனியம் கிடந்தது. அமெரிக்கா, ரஷ்யா, கஜகஸ்தான் மூன்றும் அதிகம் வெளியே சொல்லாமல் சேர்ந்து வேலை செய்து, 2012-இல்தான் அதைப் பூட்டி முடித்தன.

2010 நவம்பரில் மறுபடி யோங்பியோன். அங்கே ஒரு ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தால், குண்டுக்கு இன்னொரு வழியான யுரேனியத்தைச் செறிவூட்டும் சுமார் 2,000 மையவிலக்கிகள் வரிசை வரிசையாக நின்றன. ஹெக்கரும் உடன் வந்த இருவரும் திகைத்துப்போனார்கள். அதற்குப் பின் அவருக்கு அங்கே போகும் வாய்ப்பு அமையவில்லை.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். பட்டத்தை மாற்ற வேண்டாம். வியன்னாவில் உள்ள பன்னாட்டு அணுசக்தி முகமை தன் ஆய்வாளர் வேலைக்கு இயற்பியல், வேதியியல், பொறியியல் படித்தவர்களைத்தான் தேடுகிறது. கூடவே ரஷ்ய மொழியோ கொரிய மொழியோ பாரசீகமோ ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தச் சட்டத்தை இரண்டு ஆண்டுகளில் படித்துவிடலாம். ஒரு துண்டைக் கையில் வாங்கியதும் என்ன கேட்பது என்பதற்குத்தான் நாளாகும். அதற்கு இப்போதே ஆய்வுக்கூடத்தில் கையை அழுக்காக்கிக்கொள்ளுங்கள்.