கதவு நிலையில் புல்-அப் பார்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

உடற்பயிற்சி சொல்லித் தருகிறேன். வீடுகளுக்குப் போய் கருவிகளைப் பொருத்தியும் கொடுப்பேன். கையால் பிடித்துத் தொங்கி உடலை மேலே இழுக்கும் கம்பிதான் புல்-அப் பார். அதைப் பற்றிக் கேளுங்கள் என்றதும் பாதிப் பேர் "எந்த பிராண்ட் நல்லது?" என்றே கேட்டிருக்கிறீர்கள். அதற்கு இங்கே பதில் இல்லை. கம்பி உடைந்து யாரும் விழுந்து நான் பார்த்ததில்லை. பிடிமானம் விட்டுத்தான் விழுகிறார்கள். அதனால் பேச்சு முழுக்க நிலையையும் சுவரையும் பற்றித்தான்.

அண்ணா, வெளிநாட்டு வீடியோக்களில் வருவதுபோல கதவுக்கு மேலே சும்மா மாட்டிவிடும் பார் வாங்கினேன். எங்கள் வீட்டில் நிற்கவே மாட்டேன் என்கிறது. என்ன செய்வது?

திருப்பி அனுப்பிவிடுங்கள் தம்பி. அமெரிக்க வீடுகளில் கதவைச் சுற்றி, சுவரிலிருந்து கொஞ்சம் துருத்திக்கொண்டு ஒரு மரச்சட்டம் ஓடும். அந்தச் சட்டத்தின் மேல் விளிம்பில்தான் பாரின் பின்பகுதி உட்காருகிறது. நாம் தொங்கும்போது முன்பகுதி எதிர்ப்பக்கத்தில் அழுந்தி, நம் எடையே பாரை இறுக்கிவிடும். நம் ஊரில் நிலை பெரும்பாலும் சுவரோடு சமமாகவோ உள்ளே தள்ளியோ இருக்கும்; பூச்சு நேராக நிலையில் வந்து முடியும். பார் உட்கார விளிம்பே கிடையாது. 9 அங்குலச் சுவர் என்றால் அந்தப் பாரின் வாய்க்குள் நுழையவும் செய்யாது. இன்டீரியர் வேலையில் அழகுக்காக ஒட்டிய பட்டை இருக்கிறதே என்று அதில் மாட்ட வேண்டாம். பசையும் சின்ன ஆணியும் பிடித்திருக்கும் பட்டை அது, உங்களோடு சேர்ந்து கீழே வரும்.

என்னிடம் இருப்பது இரண்டு நிலைக்கால்களுக்கு நடுவே வைத்து முறுக்கி இறுக்கும் வகை. 150 கிலோ தாங்கும் என்று பெட்டியில் போட்டிருக்கிறது. நான் 80 கிலோ. நம்பலாமா சார்?

கம்பியை நம்பலாம். உங்கள் நிலையை நம்பலாமா என்பது அந்தப் பெட்டிக்குத் தெரியாது.

ஒரு சின்னக் கணக்கு. 80 கிலோ என்றால் பக்கத்துக்கு 40. அந்த 40-ஐத் தாங்குவது ரப்பர் மூடியின் உராய்வு மட்டும்தான். நீங்கள் அழுத்தும் விசையில் பாதி அளவுக்கு உராய்வு கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால், பார் ஒவ்வொரு நிலைக்காலையும் 80 கிலோ விசையோடு வெளியே தள்ளிக்கொண்டிருக்க வேண்டும். அதுவும் அசையாமல் தொங்கினால்தான். சட்டென்று முழு எடையையும் போட்டாலே விசை இரண்டு மடங்கு ஆகும். எம்பிக் குதித்துப் பிடித்தால் அதைவிடவும் கூடும். ஆகவே குதித்துப் பிடிக்கும் பழக்கத்தை இன்றே விடுங்கள்.

இந்தத் தள்ளலை வாங்கிக்கொள்வது நிலை. அதைச் சுவரோடு பிடித்திருப்பது பக்கத்துக்கு இரண்டு மூன்று ஹோல்டுபாஸ்ட் என்ற இரும்புப் பட்டைகள். நிலைக்கும் பூச்சுக்கும் நடுவே விரிசல் ஓடுகிறதா பாருங்கள். மரத்தைத் தட்டிப் பாருங்கள். பொத்தென்று சத்தம் வந்தால் உள்ளே கரையான் வேலை பார்த்திருக்கலாம். பாரை இறுக்கியபின் கதவு சரியாகச் சாத்தவில்லை என்றால் நிலை வளைகிறது என்று அர்த்தம், அந்த இடம் வேண்டாம்.

அப்புறம் பெயின்ட். பளபளவென்று எனாமல் அடித்த நிலையில், மழைக்கால ஈரமும் தூசும் சேர்ந்தால் ரப்பர் வழுக்கும். மாட்டும் இடத்தை உலர்ந்த துணியால் துடையுங்கள். ரசமட்டம் வைத்து, பார் நேராக இருக்கிறதா என்று சரிபார்த்து இறுக்குங்கள். இறுக்கியதும் ரப்பர் மூடியின் கீழ் விளிம்பையொட்டி பென்சிலால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். தினமும் தொங்கும் முன் அந்தக் கோட்டைப் பாருங்கள். மூடி கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் அன்றைக்குத் தொங்க வேண்டாம். கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டி, முதலில் கால் தரையில் இருக்கும்போதே பாதி எடையைப் போட்டுப் பாருங்கள். கை முறுக்கும் திசையில் பார் தானாகத் தளர்வதும் உண்டு; பூட்டு உள்ள மாடலாக இருந்தால் அதைப் போட மறக்காதீர்கள்.

வாடகை வீடு. ஸ்குரூ அடிக்க ஹவுஸ் ஓனர் விடுவாரா தெரியவில்லை. ஸ்குரூ இல்லாமல் சமாளிக்க முடியாதா?

கேட்டுப் பாருங்கள். பாரின் முனை உட்காரும் இரும்புக் கிண்ணத்தை நல்ல மர நிலையில் திருகிவிட்டால், வெறும் உராய்வை நம்பியிருப்பதைவிடப் பல மடங்கு நிம்மதி. முதலில் மெல்லிய துளை போட்டுத் திருகினால் மரம் பிளக்காது. காலி செய்யும்போது மரப் புட்டி வைத்து பெயின்ட் அடித்தால் துளை தெரியாது. இதையும் சொல்லியே அனுமதி கேளுங்கள்.

புது அபார்ட்மென்ட். பாத்ரூம் கதவுதான் சரியான அகலம். பிவிசி நிலை.

வேண்டாம். உள்ளே காலியாக இருக்கும், அழுத்தினால் வளையும். தரையும் ஈரம். அந்த மாதிரி புதுக் கட்டடங்களில் சுவரே ஏஏசி என்ற, உள்ளே காற்றுக்குமிழிகள் நிறைந்த லேசான கல்லாக இருக்கலாம். சாதாரண ஆங்கர் போல்ட் அதில் பிடிக்காது. சுவரில் மாட்டத்தான் வேண்டும் என்றால் கான்கிரீட் பீமோ தூணோ எங்கே ஓடுகிறது என்று கட்டியவரிடம் கேட்டுவிட்டு ட்ரில்லை எடுங்கள்.

என் பையன் தலைவாசல் நிலையிலேயே மாட்டியிருக்கிறான். மஞ்சள் குங்குமம் வைக்கிற இடம். சொன்னால் கேட்க மாட்டேன் என்கிறான்.

அம்மா, சாமி விஷயத்தை நீங்களும் அவனும் பேசிக்கொள்ளுங்கள். பாதுகாப்பு விஷயத்தில் நான் உங்கள் கட்சி. தலைவாசல் மூன்றரை அடி இருக்கும். பார் அதிகம் நீள நீள, உள்ளே மிச்சமிருக்கும் மரை குறையும், நடுவில் வளைவும் கூடும். கீழே வாசற்படி வேறு. கை நழுவினால் முதுகோ குதிகாலோ அதன் விளிம்பில்தான் படும். மூன்றடி படுக்கையறைக் கதவுக்கு மாற்றச் சொல்லுங்கள். கதவை முழுக்கத் திறந்து, ஆடாமல் முட்டுக் கொடுத்துவிட்டுச் செய்யட்டும். பேரன் பேத்திகள் வருகிற நாளில் பாரைக் கழற்றிப் பரண்மேல் போட்டுவிட வேண்டும். அவர்கள் அதில் தொங்க மாட்டார்கள், ஆடுவார்கள்.

பாட்டி வீட்டுக் கூடத்தில் பழைய ஊஞ்சல் கொக்கிகள் இருக்கின்றன. அதைப் பயன்படுத்தலாமா?

இதைத்தான் யாராவது கேட்க மாட்டார்களா என்று பார்த்தேன்! கான்கிரீட் போடும்போதே கம்பியோடு சேர்த்துக் கட்டிய கொக்கியாகவோ, தேக்கு உத்தரத்தைச் சுற்றிப் போட்ட வளையமாகவோ இருந்தால், கதவு நிலையைவிட அது எவ்வளவோ மேல். துரு, தேய்மானம், சுற்றிலும் பூச்சு வெடிப்பு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இரண்டு பட்டைகள் விட்டு ஜிம்னாஸ்டிக் வளையங்களைத் தொங்கவிட்டால் கைமணிக்கட்டு தன் போக்கில் திரும்பும், தோளுக்கும் இதம். பின்னால் சேர்த்து மாட்டிய கொக்கி என்றால் எதில் பிடித்திருக்கிறது என்று தெரியாமல் தொங்காதீர்கள்.

அக்னிவீர் ரேலிக்குத் தயாராகிறேன். வீட்டு பாரில் பழகினால் போதுமா அண்ணா?

ராணுவ ஆள்சேர்ப்பு ரேலியில் 10 புல்-அப் எடுத்தால் முழு 40 மதிப்பெண். 6-க்குக் கீழே போனால் அவ்வளவுதான். வீட்டில் வலிமையை வளர்க்கலாம். கதவு உயரம் 7 அடிதான் என்பதால் முழங்காலை மடக்கித்தான் தொங்க முடியும். மேலே தலை இடிக்காத அளவுக்கு இடம் விட்டு மாட்டுங்கள். காலை உதறி ஏறும் வித்தையெல்லாம் மைதானத்துக் கம்பியோடு இருக்கட்டும். நிலைக்கு அது ஆகாது. ஒன்றுகூட எடுக்க முடியாதவர் ஸ்டூலில் ஏறி, தாடை கம்பிக்கு மேலே இருக்கும்படி பிடித்து, மெதுவாக இறங்கிப் பழக வேண்டும். கை விட்டுப்போகும்வரை போகாமல் ஒன்று மிச்சம் இருக்கும்போதே இறங்குங்கள். வாரம் ஒரு முறையாவது மைதானத்துக் கம்பியில் கை முழுக்க நீட்டித் தொங்கி எண்ணிப் பாருங்கள்.

தொங்கினால் உயரம் கூடுமா? வயது 22.

கூடாது. முதுகெலும்புத் தட்டுகள் கொஞ்சம் விரிந்து, நடமாடியதும் பழையபடி ஆகிவிடும்.

காலில் கொக்கிக் காலணி போட்டுத் தலைகீழாகத் தொங்கலாமா?

கதவு நிலையில் ஒருபோதும் வேண்டாம். பிடிமானம் விட்டால் காலை ஊன்ற வழியே இல்லை, தலைதான் முதலில் தரைக்கு வரும். ரத்த அழுத்தமோ கண் அழுத்தமோ உள்ளவர்கள் வேறு எங்கேயும் தலைகீழாகத் தொங்கும் முன் மருத்துவரைக் கேளுங்கள்.