ரீல் ஏன் அணிவகுப்பு மாதிரி கேட்கிறது?

ஆர்ஹூஸில் டேனிஷ் நண்பர்களோடு வயலினில் ஐரிஷ் மெட்டுகள் வாசிக்கிறீர்கள், சுரம் எல்லாம் சரி, ஆனால் ரீல் என்கிற வேகமான நடன மெட்டு மட்டும் ராணுவ அணிவகுப்பு மாதிரி இருக்கிறது என்கிறீர்கள். நானும் ரெண்டு வருஷம் இதே பாடுபட்டவன்.

கோளாறு இசைக்குறிப்பு நோட்டில். அதில் ஒரு தாளக்கட்டின் எட்டு சுரமும் ஒரே நீளத்தில் அச்சாகியிருக்கும். அப்படியே வாசித்தால் தையல் மெஷின்தான். ஒவ்வொரு ஜோடியிலும் முதல் சுரம் ஒரு மயிரிழை நீள வேண்டும். வயலின் வில்லைச் சுரத்துக்குச் சுரம் திருப்பாதீர்கள். மூன்று சுரத்தை ஒரே இழுப்பில் கட்டி, அந்த இழுப்பு அடுத்த தாளத்தட்டைத் தாண்டிப் போகட்டும். ஆட்டம் அங்கேதான் பிறக்கிறது.

ரோல், அதாவது ஒரு சுரத்தை விரலால் சுண்டி அலங்கரிப்பது, அதைப் பற்றிக் கேட்டீர்கள். ஐந்து சுரம் என்று எண்ணாதீர்கள். மேல் விரலும் கீழ் விரலும் சும்மா சுண்டிவிட்டு வர வேண்டும், சுருதியாகவே காதில் விழக்கூடாது. கர்நாடக வயலின் பழகிய கை கமகமாக இழுத்துவிடும், உஷார்!

நோட்டை மூடிவிட்டு, அயர்லாந்தின் ஸ்லைகோக்காரர், வயலின்காரர் மைக்கேல் கோல்மன் 1920களில் நியூயார்க்கில் பதிந்ததைப் பாதி வேகத்தில் ஓடவிட்டுக் கூடவே வாசியுங்கள். ஒரு மாதத்துக்கு ஒரே மெட்டு.

போட்ரான் என்கிற ஐரிஷ் கைப்பறை ரெண்டு வைத்திருக்கிறீர்களாமே? ஒன்றைப் பையில் போடச் சொல்லுங்கள். மனஸ்தாபம் வரும், பரவாயில்லை.

முடிந்தால் ஆகஸ்ட் கடைசியில் டென்மார்க்கின் டொண்டர் நாட்டுப்புற இசை விழாவுக்குப் போங்கள். 1975லிருந்து நடக்கிறது, ஐரிஷ்காரர்கள் நிறைய வருவார்கள். வயலின்காரர் பக்கமாக உட்கார்ந்து வலது மணிக்கட்டை மட்டும் பாருங்கள்.