ப்ளெக்ஸ் ஏன் திடீரென்று காசு கேட்கிறது?

கல்முனை வீட்டுக் கணினியில் உள்ள கூத்து வீடியோக்களை லண்டனில் இருக்கும் அக்கா ப்ளெக்ஸில் (சொந்த வீடியோக்களை இணையம் வழியாகப் பார்க்க உதவும் மென்பொருள்) பார்த்துவந்தா, இப்போது காசு கேட்கிறது என்கிறீர்கள்.

2025 ஏப்ரல் 29 முதல் வீட்டுக்கு வெளியிலிருந்து பார்ப்பது கட்டண வசதி. ப்ளெக்ஸ் பாஸ் என்ற அவர்களுடைய சந்தாவின் ஆயுட்கால விலையும் அன்று 119.99 டொலரிலிருந்து 249.99 ஆனது. நீங்கள் ப்ளெக்ஸ் பாஸ் எடுத்தால் அக்கா தனியாகக் கட்டத் தேவையில்லை.

வீடியோ உங்கள் டிஸ்கில்தான். ஆனால் உள்நுழைவு ப்ளெக்ஸ் நிறுவனத்தின் கணக்கு வழியாகப் போகிறது. படலைச் சாவி அவர்கள் கையில். முதலீடு வாங்கி வளர்ந்த நிறுவனம் வருமானம் காட்டித்தானே ஆகவேண்டும்? விளம்பரத்தோடு இலவசப் படங்களை 2019இல் நுழைத்தபோதே போக்கு தெரிந்தது.

எம்பி (Emby) என்ற இதேபோன்ற மென்பொருளும் இப்படித்தான், 2018இல் மூலநிரலை வெளியார் பார்க்க முடியாதபடி மூடியது. ஆனால் அதன் பழைய நிரல், யாரும் எடுத்து மாற்றி வெளியிடலாம் என்ற ஜிபிஎல் உரிமத்தில் இருந்ததால், சிலர் அதை எடுத்து அந்த டிசம்பரிலேயே ஜெல்லிஃபின் தொடங்கிவிட்டார்கள். அதற்குச் சந்தா கிடையாது, விற்க நிறுவனமும் இல்லை.

சரி, அதற்கு மாறலாமா? மாறலாம், கொஞ்சம் மினக்கெட வேண்டும். வெளியிணைப்பை நீங்களே அமைக்க வேண்டும். வெளியிலிருந்து நேரே அடையக்கூடிய பொது ஐபி முகவரி உங்கள் இணைப்புக்கு இல்லாவிட்டால், கருவிகளைத் தனி வலையமைப்பாக இணைக்கும் டெயில்ஸ்கேல் சுலபம். அதுவும் முதலீடு வாங்கிய நிறுவனம்தான், பார்த்துக்கொள்ளுங்கள்.